யாருக்கும் கேட்காத பீப்

குஞ்சு பொரிக்கும் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முட்டைகளின் சூடு குறைந்தால் 'பீப்' ஒலியை உண்டாக்கி ஆளைக் கூப்பிடுவதுதான் அதிலிருந்த புரோகிராமின் வேலை.

அன்று மதியம் ஹீட்டர் அணைந்துபோனது. புரோகிராம் உடனே பீப்பை அனுப்பியது. ஆனால் காலையில் அதில் பாட்டுக் கேட்ட பணியாள் மரியதாஸ், ஹெட்போன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றாமல் மேசையிலேயே போட்டிருந்தார். பீப் கேட்டால் எழுந்துகொள்ளலாம் என்று பக்கத்து அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சத்தமெல்லாம் எனக்குள்ளதான் வருது. வெளியில ஒருத்தருக்கும் கேக்காது," என்றது ஹெட்போன்.

"நான் அனுப்பினேனா இல்லையா?"

"அனுப்பினீங்க. கேக்க ஆள் வேணாமா?"

"ஆள் இருக்காரான்னு பாக்கச் சொல்லி எனக்குள்ள யாரும் எழுதலையேப்பா," என்ற புரோகிராம் ஒலியை இன்னும் கூர்மையாக்கியது. ஹெட்போன் மேசைமேல் நடுங்கியது.

தட்டிலிருந்து ஒரு முட்டை மெல்லக் கேட்டது: "குளிருது. யாராவது வர்றாங்களா?"

"கூப்பிட்டாச்சு, தங்கம். முப்பது தடவை."

ஒவ்வொரு பீப்புக்கும் முட்டை அதையே கேட்டது. புரோகிராமும் கணக்குத் தவறாமல் பதில் சொன்னது.

இருநூறாவது பீப்புக்கு முட்டை எதுவும் கேட்கவில்லை.

புரோகிராம் இருநூற்று ஒன்றாவது தடவை கூப்பிட்டது.