அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது

பளாரென்று விழுந்தது அறை. அந்தப் பெண் சுவரில் போய் மோதி, கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் அலறல் அலறினாள்.

"கட்!" என்றார் ஆசிரியர்.

அறை வாங்கியவள் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அடித்தவன் கை கன்னத்தைத் தொடவே இல்லை. ஓரத்தில் நின்ற ஒருத்தன் கைதட்டியதுதான் அந்தப் பளார். மூன்று சுவர், ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு டிவி. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவும், பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும்.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மா கொட்டாவி விட்டாள். மகளை இழுத்துக்கொண்டு அவள் ஏறி இறங்குகிற மூன்றாவது திரைப்படப் பள்ளி இது.

சினிமாதான் படிப்பேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றபோது வீட்டில் முதலில் சரி என்றது அம்மாதான். அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியதும் அவள்தான். கேமரா என்ன கம்பெனி, யார் பாடம் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஹாஸ்டல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

மகளோ போன இடத்திலெல்லாம் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டுத் தொலைத்தாள்: ஹாஸ்டலில்தான் தங்க வேண்டுமா? கட்டாயம் என்று சொன்னால் போதும், மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்பேர்ப்பட்ட இரண்டு பள்ளிகள் இப்படியே கைநழுவிப் போயின. கழுதை வயசாகியும் அம்மாவை விட்டு இருக்க முடியாதாம்! இன்றைக்கு அந்தக் கேள்விக்கு வாயைத் திறந்தால் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிடுவது என்று அம்மா தயாராக இருந்தாள்.

"புருஷன் பெண்டாட்டிய அடிக்கிறான். அடுத்த ரூம்ல குழந்தை தூங்குது. இவ்வளவுதான் சீன்." ஆசிரியர் வந்திருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இதுல எது பொய்யா இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

ஒரு பையன் வெளிச்சம் என்றான். இன்னொருத்தி, கை ஓங்குவதற்குள் சத்தம் வந்துவிட்டது என்றாள்.

மகள் எழுந்தாள். "கத்துறதுதான் சார் பொய். குழந்தை முழிச்சிடும்ல? அவங்க கத்தவே மாட்டாங்க."

அம்மாவின் கொட்டாவி பாதியில் நின்றது.

ஆசிரியர் கை காட்டியதும் மகள் கட்டிலருகே போனாள். புருஷனாக நடித்தவனை முதலில் வாட்சைக் கழற்றச் சொன்னாள். கோபத்தில் வீசக் கூடாது. கண்ணாடி கீறாமல் கர்சீப் விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும். முகத்தில் கை வைக்கவே கூடாது, நாளைக்கு நாலு பேர் பார்ப்பார்கள். தோளிலும் முதுகிலும்தான். வாங்குகிறவள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்ள வேண்டும்.

எப்படிச் சுருட்டுவது என்றும் அவளே காட்டிக் கொடுத்தாள்.

"ஆக்‌ஷன்!"

வாட்ச் மேஜைக்குப் போனது. டிவியில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் குத்து தோளில் இறங்கியது. பெண்டாட்டியாக நடித்தவள் மடங்கினாள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, கட்டில் சட்டத்தில் மோதினான். சுருண்டு விழுந்தவளின் முதுகில் மிதித்தான். மறுபடி மிதித்தான். ஓரத்தில் நின்றவன் தலையணையில் குத்திக்கொண்டிருந்தான், தொம் தொம்மென்று. அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. பல் துணியைக் கடித்துக்கொண்டிருந்தது, கண் மட்டும் பிதுங்கியது.

யாரோ ஒரு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷமாக ஒரு சின்னச் சத்தம் வெளியே போகாமல் காத்தாளே! விடிந்ததும் நல்லாத் தூங்கினியா கண்ணு என்று கேட்பாள். நல்லாத் தூங்கினேம்மா என்று அதுவும் சொல்லும். அடிப்பாவி மகளே!

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கையால் பையைச் சுழற்றி ஒரே போடு. உள்ளே இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் புருஷனாக நடித்த பையனின் மூக்கைப் பதம் பார்த்தது. ரத்தம் குபுக்கென்று சட்டையில் கொட்டியது, இது நிஜ ரத்தம். விழுந்தவனை அவள் விடவில்லை. தலையிலும் முதுகிலும் போட்டுச் சாத்தினாள். புருஷனை ஒரு நாளும் 'டா' போட்டுப் பேசியறியாத வாய் அது.

"பிள்ளை முழிச்சிருக்குடா! அது தூங்கலடா பாவி, முழிச்சிருக்குடா!"

நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்து இழுக்க முடிந்தது.

பையன் தங்கமான பையன். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பரவாயில்லை ஆன்ட்டி என்றான். அம்மா ஒரு நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள். மகளின் படிப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளே! பையனின் முகத்தைப் பார்க்கக் கூசியது. மகளின் முகத்தைப் பார்க்க அதைவிடக் கூசியது.

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மகளிடம், இங்கே உனக்கு இடம் உண்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"ஹாஸ்டல்லதான் தங்கணுமா சார்?"

அம்மா கிள்ளவில்லை.

கட்டாயமில்லை, வெளியே தங்கிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார் அவர்.

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். வலது தோளைத் தொடாமல், இடது கையைப் பிடித்து எழுப்பினாள்.

"அப்போ சேர்றேன் சார். பக்கத்துல எங்கயாவது ஒரு ரூம் கிடைக்குமா? ரெண்டு பேருக்கு."