நூற்றிருபது மணி நேரம்

“கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை பாருங்க மேடம்” என்றாள் அவள்.

கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாவது கவுன்ட்டரில் இருந்த பெண், கணினித் திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

பட்டம் வாங்க என்னென்ன முடித்திருக்க வேண்டும், எது முடிந்தது, எது பாக்கி என்று வரிவரியாகச் சொல்லும் தகுதிப் பட்டியல் அது. அவளுடைய நான்கு வருடமும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தது. கட்டாயப் பாடங்கள், நிறைவு. விருப்பப் பாடங்கள், நிறைவு. மொழித்தாள் இரண்டும் நிறைவு. கிரெடிட்டோ கேட்டதற்கு மேலேயே இரண்டு இருந்தது.

கடைசி வரியில் களப்பணி, நூற்றிருபது மணி நேரம். அதற்கு நேரேயும் பச்சை எழுத்தில் நிறைவு என்றுதான் போட்டிருந்தது.

அவள் திரைக்கு இன்னும் அருகே குனிந்து அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

அவளுக்குத் தையல் கம்பெனியில் காலர் தைக்கும் பிரிவில் வேலை. சாப்பாட்டு நேரத்தோடு இன்னும் அரை மணி நேரத்தைச் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். சட்டைக் கையில் நூல் பிசிறுகள் அப்படியே ஒட்டியிருந்தன.

“நாப்பத்தாறு வயசுல வேலைக்கும் போய்க்கிட்டு, ஒரு அரியர்கூட இல்லாம முடிச்சிருக்கீங்கக்கா. சந்தோஷப்படாம முகத்தை இப்படி வச்சிருக்கீங்களே?”

“களப்பணிப் படிவத்தை நான் கொடுக்கவே இல்லையே.”

உண்மைதான். ஞாயிறு ஞாயிறாக முதியோர் இல்லத்துக்குப் போய் நூற்றிருபது மணி நேரத்தையும் முடித்திருந்தாள். இல்லத்து மேலாளர் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். அதோடு சரி. ஒரு மாதமாக அந்தப் படிவம் வீட்டு பீரோவில், போர்வைகளுக்கு அடியில் கிடந்தது.

மறதியால் அல்ல.

கொடுப்பதற்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. இன்று புதன். அந்த ஒரு வரி காலியாகவே போய்விட்டது என்பதைக் கண்ணால் பார்த்து நிம்மதி அடையத்தான் வந்திருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் கல்லூரியில் சேர விண்ணப்பம் வாங்கப் போன மகள், இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தாள். “சும்மா போட்டு வைம்மா, கிடைச்சா பாத்துக்கலாம்” என்றாள். இரண்டு பேருக்கும் கிடைத்தது. மகளுக்குப் பகல் வகுப்பு, அம்மாவுக்கு மாலை வகுப்பு. இவள் உள்ளே நுழையும்போது மகள் வெளியே வருவாள்; சாப்பாட்டு டப்பாவை அம்மா கையில் திணித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பட்டமளிப்பு அன்று ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள்.

போன பருவத் தேர்வு நெருங்கும்போது அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். உடனே அறுவை சிகிச்சை. ஐந்து நாள் மகள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சைவிட்டு நகரவில்லை. இரண்டு தேர்வு போய்விட்டது.

நோயாளிக்கு மறுதேர்வு உண்டு என்றது கல்லூரி விதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தையும் இல்லை.

அம்மா மறுதேர்வு எழுதித் தேறினாள். மகளுடைய இரண்டு தாள்களுக்கும் வருடத்துக்கு ஒரு தடவைதான் தேர்வு நடத்துவார்கள். “ஒரு வருஷந்தானேம்மா, ஓடிடும்” என்றதோடு மகள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அம்மாவால் விட முடியவில்லை. பெற்ற பிள்ளையின் ஒரு வருடத்தை விழுங்கிவிட்டு, தான் மட்டும் எந்த முகத்தோடு மேடை ஏறுவது? அடுத்த வருடம் மகளோடு சேர்ந்தே ஏறிக்கொள்ளலாம் என்று அப்போதுதான் படிவம் போர்வைக்கு அடியில் போனது.

கவுன்ட்டர் பெண் கோப்பைப் புரட்டினாள்.

“திங்கக்கிழமை சாயங்காலம் வந்திருக்கு. உங்க பொண்ணுதான் கொண்டாந்து கொடுத்தாங்க. மத்தவங்க கையில இருந்து நாங்க வாங்கறதில்லக்கா. ஆனா அவங்க கவுன்ட்டரை மூடுற வரைக்கும் இந்த இடத்தைவிட்டு அசையவே இல்ல. கையெழுத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்.”

“அதைத் திருப்பிக் கொடுத்துட முடியுமா மேடம்?”

“ஏறினது ஏறினதுதான்க்கா.”

வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். அவள் நகரவில்லை. திங்கட்கிழமை ராத்திரி மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. கல்லுளிமங்கி. ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை.

“அன்னைக்கே இதையும் எழுதிக் கொடுத்துட்டுப் போனாங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் பாஸ் தர முடியும்” என்று கவுன்ட்டர் பெண் ஒரு சீட்டை நீட்டினாள்.

பட்டமளிப்பு விழாவுக்கு விருந்தினர் பாஸ் கேட்கும் விண்ணப்பம். மகளின் சாய்ந்த எழுத்து. மாணவர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். விருந்தினர் பெயர் என்ற இடத்தில் மகளின் பெயர்.

உறவு என்ற கட்டத்தில் முதலில் ‘மகள்’ என்று எழுதியிருந்தாள். பிறகு அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே ‘ஜூனியர்’ என்று எழுதியிருந்தாள்.