பாதி மெயில் அக்கா

"எத்தனை பெட்டின்னு எழுதிட்டீங்க. யாருக்குன்னு எழுதிட்டீங்க. எந்த லாரின்னு எழுத மட்டும் கை வரலையாம்மா?"

புது மேனேஜர் எல்லார் முன்னாலும்தான் கேட்டார். டெஸ்பாட்ச் அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

லிஃப்ட் உதிரி பாகம் விற்கிற அந்தக் கம்பெனியில் அவருக்கு 'பாதி மெயில் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. என்ன சரக்கு, எங்கே போகணும் என்று குடோனுக்குத் தினமும் மெயில் போடுவது அவர் வேலை. தினமும் அதில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். ஒரு நாள் லாரி நம்பர், இன்னொரு நாள் பெட்டிக் கணக்கு. குடோன்காரர் போன் பண்ணி அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் 'சரக்கு ஏத்தியாச்சு' என்று பதில் வரும்.

மேனேஜருக்கோ பதில் உடனுக்குடன் வரவேண்டும். வேலையில் சேர்ந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தவர் அவர். தலைப்பைப் பார்த்ததுமே என்ன வேணும் என்று புரியணும். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம்தான். எப்போதைக்குள் பதில் வேணும் என்று மறக்காமல் எழுதணும். வாங்கினவர் திருப்பி ஒரு கேள்வி கேட்கிற மாதிரி இருந்தால் அது மெயிலே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பலித்தது. பதில்கள் பறந்து வந்தன. பேச்சுதான் நின்றுபோனது. பக்கத்து மேஜைக்காரரிடம் ஸ்டேப்ளர் கேட்கவும் மெயில்தான். கீபோர்டு தட்டுகிற சத்தத்தைத் தவிர அந்த ஹாலில் வேறு சத்தமில்லை. தினமும் ஒரே ஒரு போன் மட்டும் அடிக்கும், அதுவும் அக்கா மேஜையில்.

அதையும் நிறுத்த மேனேஜர் வழி கண்டுபிடித்துவிட்டார். திங்கள்கிழமையிலிருந்து குடோனுக்கு மெயில் கிடையாது. புது சாஃப்ட்வேர் வருகிறது. கட்டம் கட்டமாக எல்லாவற்றையும் நிரப்பினால்தான் அது நகரும். ஒன்றை விட்டாலும் சிவப்பு காட்டி நின்றுவிடும்.

கேட்டதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது. மற்றவர்கள் சாப்பிடப் போகும் வரை காத்திருந்து, மேனேஜர் அறைக்குள் வந்தார்.

"சார், அந்த சாஃப்ட்வேர் வேண்டாம் சார்."

"ஏன், எல்லாத்தையும் ஒழுங்கா எழுத வேண்டி வருமேன்னா?"

"எனக்கு ஒழுங்கா எழுதத் தெரியும் சார். வேணும்னுதான் விடறேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். குடோன் ஊருக்கு வெளியே இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே ஒரு பட்டாளமே வேலை பார்த்தது. இப்போது இருப்பது குடோன்காரர் ஒருத்தர்தான். மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. ஒருநாள் கணக்குப் பார்க்க அக்கா அங்கே போயிருந்தாராம். சாப்பிட்டீங்களா அண்ணே என்று கேட்டதற்கு, மனுஷன் தொண்டையைச் செருமிச் செருமித்தான் பதில் சொன்னாராம். காலையிலிருந்து பேசவே இல்லைம்மா, குரல் கட்டிக்கிச்சு என்றாராம்.

"சும்மா கூப்பிடுங்கண்ணேன்னா கூச்சப்படுவார் சார். வேலைன்னா தயங்காம கூப்பிடுவார். லாரி நம்பர் கேட்டுட்டு, அப்படியே நாலு வார்த்தை பேசுவார். அதுக்குத்தான் சார். என்னை எப்படி வேணா கேலி பண்ணிக்கட்டும்."

போய்ச் சாப்பிடுங்கம்மா என்று மேனேஜர் அவரை அனுப்பிவைத்தார். மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் ஆபீஸ் ஆபீஸ்தானே. அதுவும் போக, இந்தம்மா பாட்டுக்கு இரக்கப்படுகிறார், அந்த மனுஷனுக்கு அது தொல்லையாகக்கூட இருக்கலாம். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று குடோனுக்கு போன் போட்டார். அக்கா சொன்னதைப் பற்றி மூச்சே விடாமல், திங்கள்கிழமையிலிருந்து எல்லா விவரமும் முழுசாக வந்துவிடும், நீங்கள் தினமும் போன் பண்ணி அல்லாட வேண்டாம் என்றார்.

மறுமுனையில் குடோன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு என்ன சார் அல்லாட்டம்? லாரி நம்பர், பெட்டிக் கணக்கு எல்லாம் டிரைவர் கொண்டுவர்ற சீட்டுலயே இருக்குமே."

"அப்புறம் எதுக்கு தினமும் அந்தம்மாவைக் கூப்பிட்டுக் கேக்கறீங்க?"

"தப்பா நினைக்காதீங்க சார். பொண்ணு கல்யாணமாகி வெளிநாடு போனதுலேர்ந்து அவங்க தனியாத்தான் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை எப்படிம்மா போச்சுன்னு கேட்டா, துணி துவைச்சேன் அண்ணேம்பாங்க. எந்த வாரம் கேட்டாலும் அதேதான். வீட்டுக்குப் போனா, வந்தியான்னு கேக்க ஒரு நாதி இல்லை. அந்தக் கவலையிலதான் மெயில்ல ஒண்ணொண்ணா மறந்துபோறாங்க. சும்மா கூப்பிட்டா, பாவம் பாக்கறீங்களாண்ணேன்னு கோவிச்சுக்குவாங்க. அதான் எதுவும் தெரியாத மாதிரி கேட்டுக்கறேன். எனக்கென்ன சார், எனக்குத் தனியா இருந்து பழகிப்போச்சு. அவங்கதான் பாவம். தயவுசெஞ்சு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத ஹாலில், அக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லலை, விடுங்க. அந்த சாஃப்ட்வேர்ல எந்தக் கட்டத்தை நான் தூக்கிட்டா உங்களுக்குக் கேக்கத் தோதா இருக்கும்?"