மாமா சொன்ன பைப் கட்டர்

“பைப் கட்டர்லயே வெட்டிருங்கப்பா. அதுதான் நல்லதுன்னு மாமா சொன்னாங்க.”

மகள் அறிவுச்செல்வி சொல்லி வாய் மூடவில்லை. கையில் எடுத்த பைப் கட்டரைத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டார் பொன்னன்.

“அது துருப்புடிச்சுக் கெடக்குது சாமி. ஆகாது.”

துருவாவது ஒன்றாவது! போன வாரம்தான் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

செல்வி தன் கியர் சைக்கிளுக்கு, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தாள். ஹேண்டில் பார் மாட்டுகிற மேல்குழாய் நீளமாக இருந்தது. அளவெடுத்துக் கோடு போட்டு, ஃபோர்க்கைத் துணிக்கடைப் பையில் சுற்றித் திருச்செங்கோட்டிலிருந்து ஆட்டையாம்பட்டிக்குப் பஸ்ஸில் கொண்டு வந்துவிட்டாள். கோட்டிலேயே நேராக வெட்ட வேண்டும். கொஞ்சம் குட்டையாகிவிட்டாலும் ஃபோர்க் பழைய இரும்புக்குத்தான் போகும்.

“கிரைண்டர்ல ஒரு நொடி வேலை” என்றார் பொன்னன்.

“ஐயோ, சூடேறிப் போயிரும்னு மாமா...”

“செரி, செரி.”

பொன்னனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சைக்கிள் ஓட்டப் பழக்கியது யார்? பஞ்சர் ஒட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? கல்யாணமாகி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் வாயைத் திறந்தால் மாமனார் புராணம்! சம்பந்தி அர்த்தநாரி போர் போடுகிற ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறார்தான். அதற்காக உலகத்தில் வேறு யாருக்கும் இரும்பு வெட்டத் தெரியாதா என்ன?

முறுக்குத் தட்டோடு வந்த மனைவி சென்னம்மாள் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள். “ஏனுங்க, சம்பந்தி சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும். அன்னாடம் இரும்புலயே பொழங்கறவங்க.”

“அத்தன தெரிஞ்சவரு அங்கயே வெட்டிக் குடுத்திருக்கலாமில்ல? அவருக்கு நேரமில்ல, அதான் இங்க வந்திருக்குது.”

செல்வி குனிந்து ஃபோர்க்கில் இல்லாத தூசியைத் துடைத்தாள். அப்படியானால் அதுதான் உண்மை. அவருக்கு ஒழியாததால் அப்பன் ஞாபகம் வந்திருக்கிறது. பொன்னனுக்கு வயிறு எரிந்தது.

வீம்புக்கென்றே ஹேக்சா ரம்பத்தை எடுத்தார். பொடிப்பல் பிளேடு ஒன்றைப் புதிதாக மாட்டினார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் வளையங்களை இறுக்கி, நடுச்சந்தில் பிளேடை இறக்கினார். செல்வி ஃபோர்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் அவசரப்படவில்லை. கடைசியில் துண்டு டங்கென்று தரையில் விழுந்தது.

மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். இம்மி கோணல் இல்லை.

“கொண்டு போயி உங்க மாமாகிட்டக் காட்டு” என்றார்.

செல்வி சிரித்தபடி கை கழுவப் போனாள். அந்த நேரம் பொன்னனின் போன் அடித்தது. அர்த்தநாரி! குறை சொல்லட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எடுத்தார்.

“வெட்டியாச்சுங்களா சம்பந்தி?”

“ஆச்சுங்க. ஹேக்சாவுலதான் வெட்டினனுங்க. நேராத்தான் இருக்குது” என்றார் விறைப்பாக.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

“இருக்குமுங்க. கட்டரு நல்லது, கிரைண்டரு சூடேறும்னு இந்த வாரம் பூரா நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்தனுங்க. ‘எங்கிட்டக் குடு சாமி, நம்ம பட்டறையிலயே வெட்டித் தாரேன்’னு கெஞ்சாத கொறை. ‘எங்கப்பா வெட்டுனாத்தானுங்க மாமா நேரா வரும்’னு பஸ் ஏறிருச்சு. பொழுதன்னைக்கும் எங்கூட்டுல ‘எங்கப்பா சொன்னாங்க, எங்கப்பா சொன்னாங்க’தான். ஒளிக்காமச் சொல்றனுங்க சம்பந்தி, உங்கள நெனச்சா எனக்கு வயிறு எரியுதுங்க!”