பத்து மணிக்கு ஆய்வுக்குழு

"மூணு வருஷமா கூட்டமே நடக்கலையே, ப்ரேபென். கூட்டக் குறிப்புக்கு நான் எங்கே போவேன்?"

"நடந்திருந்தா என்ன பேசியிருப்போமோ, அதை எழுது யூட்டே."

செயலாளர் யூட்டே கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு பேர் கொட்டாவி விட்டதையும் சேர்க்கட்டுமா? நம்புற மாதிரி இருக்கும்."

தலைவர் ப்ரேபெனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பதே முக்கால். பத்துக்கு ஆய்வுக்குழு வந்துவிடும். 'திருப்தி இல்லை' என்று அவர்கள் எழுதிவிட்டுப் போனால் அங்கீகாரம் போச்சு. 'தரமே என் மூச்சு' என்று இருபது வருடமாக மேடைதோறும் முழங்கியவரின் நாற்காலியும் கூடவே போகும்.

"ஓடென்சே ஸ்டேஷன்ல இறங்கிட்டாங்களாம். சைக்கிள்ல வர்றாங்க" என்றாள் யூட்டே.

"டாக்ஸி அனுப்பலையா?"

"அதையும் லஞ்சம்னு எழுதிட்டா?"

ப்ரேபென் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பேராசிரியருங்க ரெண்டு பேரைச் சமாளிச்சுடலாம். சூடா காப்பியும் பன்னும் உள்ளே போனா பாதிக் கேள்வி மறந்துடும். அந்த மூணாவது ஆள்தான்..."

"மாணவியா?"

"குழுவுல ஒரு மாணவர் கட்டாயம்னு எந்தப் புண்ணியவான் விதி போட்டானோ! நாம அனுப்பின இருநூறு பக்கத்தையும் அவ படிச்சிருப்பா."

"நீங்க படிச்சீங்களா?"

"கையெழுத்துப் போட்டேனே!"

யூட்டே ஒரு கட்டுக் கடிதங்களைத் தூக்கிக் காட்டினாள். "மாணவர் புகார் நாப்பது. உறையே பிரிக்கலை."

"ஐயோ, கண்ணுல படாம எங்கேயாவது வை!"

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன். ஆள் பத்தலை, ஆறு மாசம் அவகாசம் குடுங்கன்னு கேட்டா என்ன?"

"விவரம் புரியாம பேசாதே. போன மாசம் அந்தத் தீவுக் கல்லூரி முதல்வர் இதையேதான் சொன்னார். கண்ணுல தண்ணியோட சொன்னார்."

"ஆமா, பாவம். அவருக்கு என்ன பதில் கிடைச்சுது?"

"நான்தானே கல்லூரியை இழுத்து மூடச் சொன்னேன்!"

வாசல்மணி அடித்தது. நாட்டிலுள்ள கல்லூரிகளையெல்லாம் சோதித்துத் தகுதிச் சான்று வழங்கும் ப்ரேபெனின் உயர்கல்வித் தர ஆணையத்தை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வரும் குழு வாசலில் நின்றது.