இரண்டு விரற்கடை கோணல்

"பலகை கோணலா இருக்குது. அதாவது தெரியுதா, இல்ல மீன் மட்டும்தான் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மேரிசெல்வி.

"தெரியுது. இருக்கட்டும்" என்றார் அறிவழகன்.

மீன் தொட்டிக்கு மேல் மாட்ட இரண்டு மாதமாக அவரே தன் கையால் செய்த விளக்குப் பெட்டி அது. உள்ளே வரிசையாக நீலமும் வெள்ளையுமாக எல்இடி விளக்குகள். சூடு போக ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேன். மத்தியானம் மூன்று மணிக்குத் தானாக எரிய ஒரு டைமர். தொட்டிக்குள் பவளம் வளர்கிறதாம், அதற்குச் சாதாரண வெளிச்சம் போதாதாம். சமையலறை டியூப்லைட் மூன்று மாதமாகக் கண்சிமிட்டுகிறது. பெண்டாட்டி வளர அந்த வெளிச்சம் போதும்.

மரக்காணத்தில் அவர்கள் வாசலில் நின்றால் உப்புக் குவியல் தெரியும். கொஞ்சம் நடந்தால் கடலே வந்துவிடும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆன்லைனில் உப்பு வாங்கி, கேன் தண்ணீரில் கரைத்துக் கடல் செய்த ஒரே மனிதர் அறிவழகன்தான். பார்சல்காரர் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, வீடு இதுதானா என்று இரண்டு தடவை கேட்டார்.

மேரிசெல்வி தொட்டிக்கு வைத்த பெயர் சக்களத்தி. கடையில் வாங்கிய பழைய விளக்கு எரிந்த மூன்று வருடமும், சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டித்தான் வெங்காயம் உரிப்பாள். கேட்டால், சக்களத்தி மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்பாள்.

புது விளக்கை மாட்டி எரியவிட்ட அன்றைக்கு அவர் விடவில்லை. முக்காலியைத் திருப்பிப் போட்டு அவளை உட்காரவைத்தார். தொட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு, பெட்டியின் முன்பலகையை ஒரு பக்கம் ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

"இப்ப மீன் தெரியுதா?"

"தெரியுது. பொண்ணு பாக்கத்தானே கூட்டியாந்தீங்க, புடிச்சிருக்குன்னு சொல்லிடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே திருகாணியை முறுக்கினார். சமையலறைப் பக்கத்து முனை இரண்டு விரற்கடை தாழ்ந்தே நின்றது. பசை ஒரு டியூப் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கூனிமேட்டுக்கு பைக்கில் போனார். கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள். உப்பளத்துக்காரர்களுக்கு மட்டம்தான் உயிர். பாத்தியில் ஒரு விரல் சரிவு இருந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி உப்பு கெட்டுப்போகும். இத்தனை வருடம் உப்பளத்து மோட்டார் பார்த்த மனுஷன் இப்படிக் கோணலாக மாட்டிவிட்டுப் போய்விட்டாரே என்று அழுகைக்கு நடுவே பேசிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் ஜெபம் முடியும்வரை தலையைச் சாய்த்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேரிசெல்விக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவரைக் கேலி செய்ய ஊர் யார்? அது அவள் வேலை.

முக்காலி அவர் திருப்பிப் போட்ட வாக்கிலேயே கிடந்தது. அவளும் அதை மாற்றவில்லை. சக்களத்தியைப் பார்த்தபடியே ஒரு மாதம் வெங்காயம் உரித்தாள். திட்டுவதற்கு வீட்டில் வேறு ஆளும் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின நாள் கொளஞ்சிக்குச் சொல்லியனுப்பினாள். பலகை அறுத்துக் கொடுத்த தச்சன். கோணலுக்கு ஊர் அவனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்ததால் உடனே வந்துவிட்டான்.

"நான் நேராத்தான் அறுத்துக் குடுத்தேன்க்கா. அண்ணன்தான் ஒரு முனை கீழ எறங்கட்டும்னு சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு."

"நாளைக்கு எல்லாரும் வர்றாங்க. அவரைப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாது. நேர் பண்ணுடா."

அவன் பலகையை ஏற்றி மாட்டி, ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. கேஸில் ஜெயித்தவன் போல அதை அவளுக்குக் காட்டினான்.

மூன்று மணி. டைமர் 'டக்' என்றது, விளக்குகள் எரிந்தன. மேரிசெல்வி முக்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தாள். ஏறிய பலகைக்கு அடியில் விளக்கு வரிசை நேராகத் தெரிந்தது. அடுத்த நொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுவாதக்கா. அண்ணன் பேரு இனிமே கெடாது."

"அழுவலடா" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "பழையபடியே மாட்டிடு."

மறுநாள் பூசை முடிந்து வந்த அதே பெரியவர் தலையைச் சாய்த்துப் பார்த்து, இன்னுமா இதை நேர் பண்ணவில்லை என்று கேட்டார்.

"அவருக்கு மட்டம் பாக்கத் தெரியாதுங்க" என்றாள் மேரிசெல்வி, முக்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தபடி.

இருபது வருடம் உப்பு வாரி, அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே கூச்சம் கண்ட கண் அவளுடையது. விளக்கு குத்தியதால்தான் மூன்று வருடம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் என்பதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பலகை இன்றைக்கும் இரண்டு விரற்கடை கோணல்தான்.