மீனெண்ணெய்

தையல்காரி ஊசி முனையால் மாத்திரையைக் குத்திப் பிதுக்குகிறாள். மீனெண்ணெய் தேன் நிறத்தில் சொட்டி, நாயின் தட்டிலிருக்கும் சோற்றின் மேல் பளபளக்கிறது. ஜன்னல் வெயிலில் நாய் துரையின் முதுகு செதில் செதிலாகத் தெரிகிறது. காது விளிம்பெல்லாம் முடி கொட்டிப் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. "சொறி மாதிரி இருக்கு, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்கிறாள். "தோல் வறண்டதுக்கெல்லாமா டாக்டரு? எண்ணெய் உள்ள போனா தானா சரியாயிடும். பேரு துரைன்னு வச்சதுக்காக வைத்தியமும் துரைக்குப் பாக்கற மாதிரியா பாக்கணும்?" என்கிறான் புருஷன், விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே. துரை தட்டை நக்கித் துடைத்துவிட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் வந்து சுருண்டுகொள்கிறது. படுத்த கையோடு பறட் பறட்டென்று சொறிய ஆரம்பித்துவிடும் நாய், இன்று அசையாமல் கிடக்கிறது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. எண்ணெய் வேலை செய்கிறது என்று புருஷனிடம் சொல்ல வாயெடுக்கிறாள். அப்போது அந்தச் சத்தம் கேட்கிறது. பறட், பறட். சின்ன நகங்களின் சத்தம். துரை மெல்லத் தலையைத் தூக்கி, பாதி திறந்திருக்கும் உள்ளறைக் கதவைப் பார்க்கிறது. உள்ளே அவர்களுடைய குழந்தை மட்டும்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது.